காலம் செய்த கோலம்

தலைப்பில் இருப்பது கடிகாரத்தில் ஓடும் காலம் இல்லை. வெப்சைட் எடிட்டரில் ஒரு பட்டன் இருக்குமே, அமுக்கினால் பக்கத்தை இரண்டாக, மூன்றாக, நான்காகக் கூறு போட்டுத் தருமே, அந்தக் காலம். பேப்பர்காரர்கள் இதைப் பத்தி என்பார்கள். இங்கே பத்தி என்றால் பாராவோடு குழம்பும். அதனால் காலம் என்றே இருக்கட்டும்.

இழுத்துப் போடும் எடிட்டர்கள் வந்தபிறகு வெப்சைட் செய்யக் கோடிங் தெரிய வேண்டியதில்லை. 2006-ல் விக்ஸ் தொடங்கியது. 2016-ல் எலிமென்டார் வந்தது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0, எழுதுவதற்கு வைத்திருந்த பழைய பெட்டியை ஓரங்கட்டிவிட்டு பிளாக் எடிட்டரை முன்னால் கொண்டுவந்தது. தையல் கடைக்காரரும் டியூஷன் டீச்சரும் இரண்டாம் வருட மாணவரும் தாங்களே ஒரு தளம் கட்டிக்கொள்ள முடிகிறது. இது நல்ல விஷயம், இதில் சண்டையே இல்லை.

சண்டை வேறு இடத்தில். என்ன எழுதப் போகிறோம் என்று தெரிவதற்கு முன்பே பக்கத்தை எத்தனை காலமாகப் பிரிப்பது என்று முடிவு செய்யும் பழக்கத்தை இந்த எடிட்டர்கள் ஊட்டி வளர்த்துவிட்டன. அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பவர் பக்கத்தைச் செய்தவர் அல்ல. படிக்க வந்தவர்.

கேள்விக்கு முன்பே விடை

எலிமென்டாரில் புதுப் பகுதி சேர்க்கக் கூட்டல் குறியை அமுக்கினால் எழுதும் இடம் வராது. எந்த அமைப்பு வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் படம் வரும். வேர்ட்பிரஸில் காலம் பிளாக்கைப் போட்டால் 50/50 வேண்டுமா, 33/66 வேண்டுமா, 25/50/25 வேண்டுமா என்று கேட்கும். ஓட்டலில் உட்கார்ந்ததும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் எத்தனை கிண்ணம் வைக்கட்டும் என்று சர்வர் கேட்பது போல!

கிண்ணம் வைத்துவிட்டால் நிரப்பித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் கூத்து ஆரம்பம். கல்லூரி சிம்போசியம் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் மூன்று காலம். ஒன்றில் கல்லூரியைப் பற்றி, அடுத்ததில் துறையைப் பற்றி, மூன்றாவதில் நிகழ்ச்சியைப் பற்றி. கல்லூரியைப் பற்றி ப்ராஸ்பெக்டஸில் இருந்து பன்னிரண்டு வரி கிடைத்துவிடுகிறது. துறைக்கு எட்டு வரி தேறுகிறது. நிகழ்ச்சிக்கு மூன்றே வரி. மூன்றாவது பெட்டி அடியில் காலியாகத் தொங்குகிறது, பார்க்க அசிங்கம். உடனே "இளம் உள்ளங்களின் அறிவுத் தேடலுக்கு ஒரு மாபெரும் மேடை" என்று ஐந்து வரி கடலை வறுக்கப்படுகிறது. யாருக்காக எழுதப்பட்டது அந்த ஐந்து வரி? படிப்பவருக்காகவா? இல்லை, பக்கத்துப் பெட்டியின் உயரத்துக்காக!

கம்பெனித் தளங்களில் இதே கூத்து வேறு வேஷத்தில். மூன்று காலம், மூன்று ஐகான்: ஒரு பல்பு, ஒரு பல்சக்கரம், ஒரு கைகுலுக்கல். கீழே நோக்கம், பார்வை, மதிப்பு. இந்த மூன்றையும் தேடி ஒரு தளத்துக்குப் போன மனிதர் யாராவது உண்டா? ஒரு பெட்டி காலியாக இருந்தது, அதனால் ஒரு மதிப்பு பிறந்தது. அவ்வளவுதான்.

பேப்பரில் இருந்து வந்த வழக்கம்

"பேப்பரில் காலம் இல்லையா, நூறு வருஷமாக அப்படித்தானே படிக்கிறோம்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பேப்பரில் இருப்பது வேறு, எடிட்டரில் இருப்பது வேறு.

செய்தித்தாள் தாள் அகலமானது. ஒரு வரியை இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம்வரை ஓடவிட்டால், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடுவதற்குள் கண் வழி தவறிவிடும். அதனால் வரியை நறுக்கிக் குறுக்கினார்கள். ஒரே செய்தி முதல் காலத்தில் கீழே இறங்கி, அடுத்த காலத்தின் உச்சிக்கு ஏறித் தொடர்கிறது. ஓடுவது ஒரே எழுத்து. தாளின் அளவும் அச்சாகும் முன்பே தெரியும், வீட்டுக்கு வந்தபிறகு அது சுருங்காது.

எடிட்டரில் கிடைக்கும் காலத்தில் எழுத்து ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு ஓடுவதில்லை. அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தனித்தனிப் பெட்டிகள். பெட்டிகளின் அகலமோ படிப்பவர் கையில் இருக்கும் கருவியைப் பொறுத்து மாறும். பேப்பரிடம் இருந்து பேரையும் தோற்றத்தையும் மட்டும் வாங்கிவிட்டு, காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாகிவிட்டது.

இந்தக் கதை புதிதும் அல்ல. 1991-ல் டிம் பெர்னர்ஸ் லீ சேர்ன் ஆய்வகத்தில் ஏற்றிய முதல் வலைத்தளத்தில் காலமே கிடையாது. தலைப்பு, எழுத்து, சுட்டி, அவ்வளவுதான். ஜன்னலைச் சுருக்கினால் எழுத்தும் சமர்த்தாக மடங்கிக்கொள்ளும். பிறகு பிரவுசர்களில் அட்டவணை வசதி வந்தது. மதிப்பெண் பட்டியல், விலைப் பட்டியல் போடுவதற்காக வந்த வசதி. வடிவமைப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கோடு தெரியாத அட்டவணையால் பக்கம் முழுவதையும் கூறு போட்டார்கள். 1996-ல் டேவிட் சீகல் இதற்கென்றே புத்தகம் போட்டுப் பிரபலப்படுத்தினார். மறு வருடமே, வலை கெட்டுப்போனது, கெடுத்தவன் நானே என்ற பொருளில் அவரே கட்டுரையும் எழுதினார்! 1999-ல் வந்த முதல் அணுகல் வழிகாட்டுதல், வரிசையாகப் படித்தால் பொருள் தராத அட்டவணையை லேஅவுட்டுக்குப் பயன்படுத்தாதே என்று சொன்னது.

அதாவது பிரச்சினை என்ன என்று 1999-லேயே எழுதி வைத்தாகிவிட்டது. வரிசை. பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் அர்த்தம் மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு அட்டவணையை லேஅவுட் ஆக்கினார்கள். இன்றைக்கு அதே தப்பைத் திருப்பிப் போட்டு லேஅவுட்டை அட்டவணை ஆக்குகிறார்கள். அதன் பலனைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

போனில் திறந்தால்...

லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பெட்டிகள் போனில் ஒன்றின் கீழ் ஒன்றாக விழும். இடது பெட்டி முதலில், அதன் முழு உள்ளடக்கமும் முடிந்தபிறகு வலது பெட்டி. அடுத்த வரிசைப் பெட்டிகள் அதற்குப் பிறகு. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு மூன்று சாதாரணப் பக்கங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, நிகழ்ச்சி நிரல். இடது காலத்தில் எட்டுப் போட்டிகளின் பெயர், வலது காலத்தில் எட்டு நேரம். என்டர் தட்டித் தட்டி நேராக நிற்க வைத்தாயிற்று. லேப்டாப்பில் பார்த்தால் கச்சிதம். போனில் திறந்தால் முதலில் எட்டுப் பெயர்கள், பிறகு எட்டு நேரங்கள். கோட் டீபக்கிங் எத்தனை மணிக்கு? மேலே போய் அது ஐந்தாவது பெயர் என்று விரல் விட்டு எண்ணி, கீழே வந்து ஐந்தாவது நேரத்தை எண்ண வேண்டும். நடுவில் ஒரு பெயர் நீளமாகி இரண்டு வரியாக மடங்கியிருந்தால் அந்தக் கணக்கும் போச்சு. காலை பஸ் பிடித்து வெளியூரில் இருந்து வரும் மாணவி பதினொன்றரைக்கு வந்து நிற்பார், போட்டி பத்து மணிக்கே முடிந்திருக்கும்.

இரண்டாவது, உதவித்தொகை அறிவிப்பு. மேல் வரிசையில் மூன்று காலம், மூன்று தலைப்பு: தகுதி, ஆண்டு வருமான வரம்பு, கடைசி தேதி. கீழ் வரிசையில் மூன்று காலம், மூன்று விவரம். போனில் முதலில் மூன்று தலைப்பும் வெறும் தலைப்பாக வந்து நிற்கும், உடம்பு இல்லாத தலைகள். அப்புறம் மூன்று விவரம், தலை இல்லாத உடம்புகள். விவரத்தில் இரண்டு தேதி இருந்தால் (விண்ணப்பம் தொடங்கும் தேதி ஒன்று, முடியும் தேதி ஒன்று) எது எந்தத் தலைப்புக்கு என்று ஊகிக்க வேண்டியதுதான். தப்பாக ஊகித்தால் ஒரு வருடப் படிப்புச் செலவு போகும். இதை அழகுப் பிரச்சினை என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது, சங்க நிர்வாகிகள் பக்கம். முதல் வரிசையில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் பெயர். இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் படம். மூன்றாவது மறுபடி முதல் மாதிரி. லேப்டாப்பில் வளைந்து வளைந்து அழகாகப் போகும். போனில் படம், பெயர், பெயர், படம், படம், பெயர் என்று இறங்கும். செயலாளர் பெயருக்குக் கீழே யார் படம், பொருளாளர் படத்துக்கு மேலே யார் பெயர் என்று பட்டிமன்றமே நடத்தலாம்.

இதற்கு எலிமென்டாரில் ஒரு மருந்தும் உண்டு: போனில் காலங்களின் வரிசையைத் திருப்பிப் போடும் வசதி. ஆனால் அந்த வசதி கண்ணுக்குத் தெரியும் வரிசையைத்தான் திருப்பும், பக்கத்தின் உள்ளே இருக்கும் வரிசை அப்படியேதான் இருக்கும். தலைப்பும் விவரமும் தனித்தனி வரிசையில் பிரிந்து கிடக்கும் இரண்டாவது உதாரணத்துக்கு அந்த மருந்து வேலையும் செய்யாது.

காதால் படிப்பவர்

உள்ளே இருக்கும் வரிசை யாருக்கு வேண்டும்? திரையைப் பார்க்காமல் கேட்டுப் படிப்பவருக்கு வேண்டும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பார்வையற்ற மாணவர் அதை வைத்துப் பக்கத்தைப் படிக்கும்போது அவருக்கு இடமும் வலமும் கிடையாது. முன், பின் மட்டுமே உண்டு. சரியான அட்டவணையாக இருந்தால் எந்த வரிசை, எந்தத் தலைப்பின் கீழ் என்று மென்பொருள் சொல்லும். காலப் பெட்டிகளை அட்டவணை போல அடுக்கியிருந்தால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டுப் பெயரை வாசிக்கும், பிறகு எட்டு நேரத்தை வாசிக்கும். போன் வைத்திருப்பவராவது மேலும் கீழும் விரலால் தள்ளி எண்ணிப் பார்க்கலாம். இவர் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

கண் மங்கியவர் நிலையும் இதுதான். அவர் லேப்டாப்பிலேயே எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பார். 1280 பிக்ஸல் அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் பக்கத்துக்கு மிஞ்சுவது 320 பிக்ஸல், ஒரு சின்னப் போனின் அகலம். அந்த அகலத்திலும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018-ல் வந்த அணுகல் வழிகாட்டுதல் 2.1 சொல்கிறது. வரிசை மாறினால் பொருள் மாறும் இடங்களில் சரியான வரிசை மென்பொருளுக்குக் கிடைக்க வேண்டும் என்று 2008-ல் வந்த 2.0 சொல்கிறது, அதுவும் ஆக அடிமட்டத் தேவையாக. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மின்னணு ஊடகத்தில் வருபவை அணுகக்கூடிய வடிவில் இருப்பதை உறுதி செய்வது அரசின் கடமை என்கிறது. யாரோ நாலு பேர் பொழுதுபோகாமல் கிளப்பிய விவகாரம் இல்லை இது.

தமிழுக்கு எக்ஸ்ட்ரா அடி

ஆங்கிலத்தில் சொற்கள் குட்டி குட்டி. தமிழில் அப்படியா? "ஒருங்கிணைக்கப்பட்டிருக்கின்றன" என்று ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும். ஆயிரம் பிக்ஸல் அகலத்தை நான்காகப் பிரித்து, சுற்றிலும் இடைவெளி விட்டால், ஒரு பெட்டிக்கு 200 சொச்சம் பிக்ஸல். சாதாரண அளவு எழுத்தில் வரிக்கு இரண்டு சொல் நின்றாலே பெரிய விஷயம். மூன்றாவது சொல் பொசுக்கென்று அடுத்த வரிக்குக் குதிக்கும். இரண்டு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று ஜஸ்டிஃபை பட்டனையும் தட்டிவிட்டால் இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு லாரி போகலாம்.

டெம்ப்ளேட் செய்தவர் ஆங்கிலத்தை வைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதற்குள் தமிழை நுழைக்க என்ன செய்கிறார்கள்? எழுத்தின் அளவைக் குறைக்கிறார்கள்! கொம்பும் காலும் சுழியும் உள்ள எழுத்தைக் கடுகாக்கிவிட்டு, பெட்டிக்குள் அடங்கிவிட்டது என்று சந்தோஷம் வேறு.

இந்தப் பக்கத்து நியாயங்கள்

"அகலத் திரையில் ஒரே காலம் போட்டால் வரி நீண்டு போகுமே." சரியான கவலை. 2.0 வழிகாட்டுதலின் உச்ச நிலையிலேயே வரிக்கு 80 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. ஆனால் வரி நீளமாக இருந்தால் வரியைக் குறுக்க வேண்டுமே தவிர, பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸிலும் எலிமென்டாரிலும் உள்ளடக்கத்தின் அகலத்துக்கு அளவு வைக்கும் அமைப்பு இருக்கிறது. வைத்துவிட்டு இரு பக்கமும் காலியாக விட்டால் குடியா முழுகிவிடும்? காலி இடம் வாடகை கேட்காது.

"போனுக்கு எடிட்டரே பார்த்துக்கொள்கிறதே." எடிட்டர் பார்த்துக்கொள்வது அகலத்தை மட்டும்தான். 2010 மே மாதம் ஈதன் மார்க்காட் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு பற்றி எழுதியபின் பெட்டிகள் திரைக்கு ஏற்ப மடங்கக் கற்றுக்கொண்டன, உண்மை. ஐந்தாவது பெயரும் ஐந்தாவது நேரமும் ஒரே ஜோடி என்பது எடிட்டருக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே தெரியும்? சொல்வதற்கு வழி அட்டவணை. வேர்ட்பிரஸில் அதற்கென்றே டேபிள் பிளாக் இருக்கிறது, கேட்பாரற்று.

"கோடிங் தெரியாதவர் பாவம், அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" தெரியாதுதான். அதனால்தான் முதல் குற்றவாளி கருவி. கார் ஓட்டத் தெரியாதவருக்குத்தான் பிரேக் நன்றாக இருக்க வேண்டும். புதியவரிடம் முதல் கேள்வியாகக் கட்டங்களைக் காட்டுவதும், பக்கத்தை லேப்டாப் அகலத்திலேயே திறந்து வைப்பதும், போன் தோற்றத்தை ஒரு சின்ன ஐகானுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் கருவி செய்தவர்களின் முடிவு. புதியவர் எடுத்த முடிவு இல்லை அது. எடிட்டர் போன் அகலத்தில் திறக்கட்டும். முதலில் ஒரு வெற்றுப் பாராவைக் காட்டட்டும். இரண்டு காலத்திலும் ஒரே எண்ணிக்கையில் குட்டி வரிகள் இருந்தால், இது அட்டவணையா என்று ஒரு கேள்வி கேட்கட்டும். எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு இது பெரிய வித்தையா?

"அழகு என்று ஒன்று வேண்டாமா?" வேண்டும். ஆனால் யார் திரையில்? செய்தவர் பதினைந்து அங்குல லேப்டாப்பில் ரசிக்கிறார். அவர் அனுப்பும் சுட்டியை வாட்ஸப்பில் தட்டித் திறப்பவர் கையில் இருப்பது போன். சமையல்காரர் ருசி பார்க்க ஒரு பானை, பந்திக்குப் பரிமாற வேறு பானை என்று வைத்தால் எந்தக் கல்யாணம் உருப்படும்?

அப்படியானால் காலமே கூடாதா?

கூடும். எட்டுப் புகைப்படம், பன்னிரண்டு பொருள், ஆறு பேச்சாளர் என்று ஒரே மாதிரியான விஷயங்கள் இருந்து, ஒவ்வொரு பெட்டியும் தன் தலைப்பு, படம், விவரம் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்திருந்தால் காலம் போடலாம். எந்தப் பெட்டி எங்கே விழுந்தாலும் அர்த்தம் கெடாது. சோதனை சுலபம். பெட்டிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுப் படிக்க வேண்டும். அர்த்தம் மாறவில்லை என்றால் காலம் சரி. மாறினால், வரிசை முக்கியம் என்றால் ஒரே காலம், ஜோடி முக்கியம் என்றால் அட்டவணை. இந்த மூன்றுக்கு வெளியே அநேகமாக எதுவும் மிஞ்சாது.

செய்யும் முறையையும் தலைகீழாக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முதலில் முழுவதையும் ஒரே காலத்தில் மேலிருந்து கீழே எழுத வேண்டும். போனில் திறந்து ஒரு நண்பரிடம் கொடுத்து, கடைசி தேதி என்ன, கட்டணம் எவ்வளவு, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் பக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு, கலைத்துப் போட்டாலும் கெடாத பகுதிகளை மட்டும் வேண்டுமானால் காலமாக்கிக்கொள்ளலாம்.

சிம்போசியம் சீசன் வருடா வருடம் வரும். டெம்ப்ளேட்டும் போன வருட சீனியர்களிடம் இருந்து அப்படியே கைமாறி வரும். அதைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த மூன்று பெட்டிகளையும் அழிக்கும் ஒருவர் ஒவ்வொரு டீமிலும் இருந்தால் போதும்.

பி.கு: லேப்டாப்பிலேயே சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டிக்கொண்டே போகலாம். 400 சதவீதத்தில் பக்கம் எப்படிச் சிதறுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு காலத்துக்கு வக்காலத்து வாங்க வரவும் :-)